உள்ள ஒண்ணும் தின்னுட மாட்டாங்க

"ஐந்நூறு வருஷமா ஒருத்தியும் கிடைக்கலைன்னா கோளாறு யார்கிட்டன்னு இவன் யோசிக்க வேண்டாமா?" என்று டோக்கன் அக்கா கேட்கிறார். யாரையும் குறிப்பாகப் பார்த்துக் கேட்பதில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தபடி பொதுவாக உலகத்தைக் கேட்கிறார். இடது கட்டைவிரல் கைப்பேசித் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வலது கை வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றை எடுத்து, தடுப்பின் அரைவட்ட ஓட்டை வழியாக வெளியே நீட்டுகிறது. இந்த இரண்டு கைகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

'இவன்' என்பவன் சாவே இல்லாத ஓர் இளவரசன். நேற்று வெளியான அத்தியாயத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைக் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். காத்திருப்பவர்களில் கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் "அதானே" என்கிறார். அவருக்கு இளவரசனையும் தெரியாது, குதிரையையும் தெரியாது. பல்வலிக்காரன் எதற்கும் ஆமாம் போடுவான்.

இது ஒரு பல் மருத்துவமனையின் முன்னறை. கீழே செருப்புக்கடை, மேலே நாங்கள். சுவரோரம் ஒட்டிப்போட்ட நாற்காலிகள், மீன் இல்லாத மீன்தொட்டி, மேசைமேல் தலையணை அளவு பிளாஸ்டிக் பல்வரிசை, அதற்கேற்ற ராட்சத பிரஷ். உள் அறையில் டாக்டர். முப்பதைத் தொட்டிருப்பார், பெண், மெல்லிய குரல், கனமான கை. என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை என்று ஆரம்பித்து, ஒன்று இரண்டாகி, இரண்டுக்குத் துணையாக மூன்றாவதும் கெட்டு, இந்த நாற்காலிகளில் நான் கழித்த பொழுதுகளுக்கு அளவே இல்லை. வேறு வேலை இல்லாத கண் எதையாவது பார்த்துக்கொண்டுதானே இருக்கும். என் கண் டோக்கன் அக்காவைப் பார்த்தது.

ஐம்பதை நெருங்கும் வயது. ஏசி நேராகத் தன் பிடரியில் ஊதுவதாகப் புகார் சொல்லி, எப்போதும் ஒரு பழுப்புச் சால்வையைப் போர்த்தியிருப்பார். ஏசியை அணைத்துவைத்த நாட்களிலும் போர்த்தியிருந்தார். பேனா மூடியால் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. "மேல் வலது கடைவாய், வாங்க. முன்பல்லு ரெண்டு, அடுத்து நீங்க. செட்டுப்பல்லு ஐயா, தூங்காதீங்க." நான் 'கீழ் இடது சார்'. ஒருமுறை கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர், நடுரோட்டில் அப்படியே கூப்பிட்டார். நானும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உள் அறைக் கதவருகே போய் எவர் தயங்கினாலும், திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "போங்க, உள்ள ஒண்ணும் தின்னுட மாட்டாங்க" என்பார். அதைத் தான் சொல்வதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கொட்டாவி வருவது போல அது தானாக வரும்.

முதல் நாள் நான் ஒரு கனமான நாவலோடு போயிருந்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா அட்டையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் கதை? யாரு யாரைக் கடத்திட்டுப் போறா?"

"யாரும் கடத்தலை. ஒருத்தர் ஜன்னல் வழியா மழையைப் பாத்துட்டிருக்கார்."

"எவ்ளோ நேரமா?"

"நானும் பாதிப் புத்தகம் வந்துட்டேன். இன்னும் பாத்துட்டுதான் இருக்கார்."

"பாவம்" என்றார் அக்கா. அது அவரையா, என்னையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அக்கா படிப்பதெல்லாம் கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் கதைகள். அத்தியாயத்துக்கு அந்த உலகத்தில் 'எபி' என்று பெயர். எழுதுகிறவர் 'ரைட்டர் சிஸ்'. கதாநாயகன் கொடூரனாக இருந்தால் 'ஆன்டி ஹீரோ'. மாயராஜ்யம், ஓநாய் மனிதர்கள், இரத்தம் குடிக்கும் பிரபுக்கள், பெண்ணைச் சிறைவைத்துவிட்டுப் பிறகு அவளையே நினைத்து உருகும் முரடர்கள். ஆரம்பத்திலேயே 'இதயம் பலவீனமானவர்கள் விலகிவிடவும்' என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். "அதைப் பாத்துட்டுதான் சார் நான் உள்ளயே போவேன். அது இல்லாத கதையில உப்புச் சப்பு இருக்காது."

ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து கதைகள் ஓடும். குழப்பம் வராமல் இருக்க அவருக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார். ஆசிரியர்கள் மாந்தருக்குச் சூட்டும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர்களை அவர் ஏற்பதே இல்லை. சிடுமூஞ்சி, ஒத்தைக்கண்ணன், ஓநாய், அழுமூஞ்சி, அவ அத்தைக்காரி. இவ்வளவு போதும். முதல் பக்கத்தில் வரைபடம் போட்டு ஏழு ராஜ்யங்களைக் காட்டும் கதைகளின்மேல் அவருக்குக் கோபம். "எங்க ஏரியாவுலயே நாலு தெரு தாண்டினா எனக்கு வழி தெரியாது. இவங்க மலை, ஆறு, பாலைவனம்னு போட்டுட்டுக் கடைசில எல்லாம் ஒரே பெட்ரூம்லதான் நடக்குது."

டிராகன் வளர்க்கும் கதைகளை விரும்பிப் படிப்பார். ஆனால் ஒரு குறை. "இவ்ளோ பெரிய ஜீவனை அரண்மனைக்குள்ள கட்டி வச்சிருக்காங்களே, சாணி யாரு சார் அள்றா? ஒரு ரைட்டராவது எழுதணுமே. பறந்தது, நெருப்பு கக்கினது, அவ்ளோதான். தின்னதெல்லாம் எங்க போச்சு?" கறுப்பு உடை அணியும் நாயகர்கள் விஷயத்திலும் இதே கதைதான். சாயம் போகாத கறுப்புத் துணி எந்தக் கடையில் கிடைக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

வேலை பார்க்கும் இடத்தின் வாடை விமர்சனத்திலும் அடிக்கும். இந்தக் கதைகளில் நாயகன் கோபப்பட்டால் தாடை இறுகும், காதலித்தாலும் தாடை இறுகும். "இப்படி நாள் முழுக்கப் பல்லைக் கடிச்சா தேஞ்சே போயிடும். பல்லுக்கு உறை மாட்டிக்கிட்டுப் படுக்கச் சொல்லணும்." உதட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் சிரிப்பவனைப் பற்றி, "அது சிரிப்பு இல்ல சார், வாதம். உடனே காட்டணும்" என்றார். சின்ன வயதில் பட்ட துன்பத்தால்தான் அவன் முரடனானான் என்று ஆசிரியர் வக்காலத்து வாங்கும்போது அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அடிவாங்கி வளந்தவன் எல்லாம் கடத்திட்டுப் போறதுன்னா எங்க தெருவுல ஒரு பொண்ணு மிஞ்சியிருக்க மாட்டா."

பிறகு ஏன் படிக்கிறார்? நான் ஒருநாள் கேட்டே விட்டேன். அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப பாருங்க. இந்நேரம் அவன் உள்ள கத்திட்டிருக்கான். நான் இப்படிக் கவுத்து வச்சதும் கப்சிப். எவ்ளோ பெரிய முரடனா இருந்தாலும் நான் தொறந்தாதான் வாயைத் தொறக்க முடியும். நிஜத்துல இப்படி ஒருத்தன் கிடைப்பானா சார்?"

வீட்டுக்காரர் அப்படியொன்றும் முரடர் இல்லை. மின்தூக்கி பழுதுபார்ப்பவர். பேச்சு குறைவு. ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்ததும், "இன்னைக்கு ஓநாய் என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்பாராம். அக்கா சொல்லச் சொல்லச் சாப்பிடுவார். சண்டை எல்லாம் நாத்தனாரோடுதான். அவர் வேறு ஊர். இருவரும் ஒரே கதைகளைப் படித்துவிட்டுக் குரல் பதிவுகளாக மோதிக்கொள்வார்கள். நாத்தனார் எப்போதும் முரடன் கட்சி. "நாலு பேரை வெட்டினாலும் அவளைத் தொடும்போது கை நடுங்குது பாருங்க அண்ணி, அங்கதான் நான் விழுந்துட்டேன்" என்று அவர் சொல்வதை அக்கா எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பதில் பதிவில் அக்கா: "கை நடுங்கினா சர்க்கரையைப் பாக்கச் சொல்லு."

கதைகளுக்குக் கீழே மற்றவர்கள் இதயமும் பூங்கொத்துமாகப் போட்டு 'சூப்பர் சிஸ்' என்று ஒதுங்கிவிடுவார்கள். அக்கா அப்படி இல்லை. 'தப்பா நினைக்காதீங்க சிஸ்' என்று ஆரம்பிப்பார். இப்படி ஆரம்பித்த எதையும் தப்பாக நினைக்காமல் இருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஓநாய்க் கதைக்கு வருகிறேன். ஓநாய்களின் அரசன் ஒருவன். மலை உச்சியில் கோட்டை. பிடித்து வரப்பட்ட ஒரு வைத்தியனின் மகள். சொல்லக் கேட்டால் வழக்கமான சரக்குதான். ஆனால் அக்கா மற்ற கதைகளை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதற்குத்தான் காத்திருப்பார். "எழுதறவளுக்குப் பொண்ணுங்க மனசு தெரியுது சார். இந்தப் பொண்ணு மத்தவங்க மாதிரி அவனோட கண்ணைப் பாத்து மயங்கலை. சாவி எங்க இருக்குன்னு பாக்குறா." இருந்தாலும் குறை சொல்லாமல் விட்டால் அவர் டோக்கன் அக்கா இல்லையே. "ஒண்ணு மட்டும் புரியலை. ராஜா எதிரி கழுத்தைக் கடிச்சுக் குதறிட்டு வர்றான். வந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்கிறான். எந்த ஓநாய் சார் அப்படிப் பண்ணும்?"

எனக்கு அப்போது ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பாதி முகம் என்னுடையதாக இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் எனக்குச் சொல்லப்படுவதும் அதே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்தான் என்பது லேசாக உறைத்தது.

"அதைக்கூட விட்டுத்தள்ளுங்க. இந்த வாசல் கிழவி இம்சைதான் தாங்க முடியலை" என்று அக்கா வாசித்துக் காட்டினார். கோட்டையின் வாயிலில் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கிழவி இருக்கிறாள். வருகிறவர்களைப் பெயர் கேட்க மாட்டாள். 'உடைந்த கை, நீ வா. வெட்டுப்பட்ட காது, நீ நில்' என்பாள். தடியால் கல்தரையில் தட்டுவாள். வைத்தியனின் மகள் முதல் நாள் வாயிலில் நடுங்கி நின்றபோது கிழவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்: 'போம்மா, உள்ளே ஒன்றும் தின்றுவிட மாட்டார்கள்.'

"அது ஓநாய்க் கோட்டை சார். தின்னத்தான் செய்வாங்க. கிழவிக்கு மூளை கலங்கிருச்சு" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவைப் பார்த்தேன், சால்வையைப் பார்த்தேன், அவர் கையில் இருந்த பேனா மூடியைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தால் "ழழ்ழா" என்று ஏதோ வந்து, கூடவே எச்சிலும் வழிந்தது. அக்கா ஒரு காகிதத் துண்டை ஓட்டை வழியாக நீட்டிவிட்டு, என் கண்ணெதிரிலேயே கருத்துப் பெட்டியில் தட்டினார். தப்பா நினைக்காதீங்க சிஸ். இந்தக் கிழவி வந்தாலே தூக்கம் வருது. அவளைக் கொன்னுடுங்க, கதை வேகமா நகரும்.

பிறகு கண்ணாடியில் டொக் டொக். "கீழ் இடது சார், போங்க. உள்ள ஒண்ணும் தின்னுட மாட்டாங்க."

உள்ளே டாக்டர் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. என்னைச் சாய்த்து, வாய்க்குள் பஞ்சும் குழாயும் வைத்து முடித்த பிறகு, "சார், நீங்க எழுதறவர்தானே?" என்றார்.

"ஆ."

"ஒருத்தங்க மேல நமக்கு ரொம்பப் பிரியம்னு வைங்க. நேர்ல சொல்ல வராது. அதனால அவங்களை ஒரு கதையில வைக்கிறோம். அவங்க படிப்பாங்கன்னு தெரியும். ஒருநாள் கண்டுபிடிச்சுச் சிரிப்பாங்கன்னு நினைச்சிட்டிருக்கோம். அவங்க படிச்சிட்டு, இந்த ஆளைக் கொன்னுடுங்கன்னு எழுதினா?"

"ஆஆ" என்றேன். அது 'அடப்பாவமே' என்பதற்காக நான் போட்ட சத்தம். டாக்டர் அதை என்னவாக எடுத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டினார். பல்லைக் குடையும் கருவி அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே சுற்றியது. இடையிடையே துண்டு துண்டாக மிச்சக் கதையும் வந்தது. இந்த மருத்துவமனை திறந்த புதிதில் ஆள் வராத நாட்களில், அக்காதான் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் பேசிப் பேசி உள்ளே அனுப்பினாராம். அக்கா அடுத்த அத்தியாயத்துக்காகத் தவிப்பதைப் பார்த்துத்தான் டாக்டருக்கே எழுதும் ஆசை வந்ததாம். இது வெளியே யாருக்கும் தெரியாது.

"கழுத்தைக் கடிக்கிற கதை எழுதறவகிட்ட யாரு சார் வந்து வாயைத் தொறப்பாங்க? நீங்களும் சொல்லிடாதீங்க. எப்படியும் நிறுத்திடப்போறேன். எழுத நேரமும் இல்லை. மத்தியானம் கொஞ்சம் சும்மா இருந்துச்சு. அக்கா அதுலயும் கம்பி கட்டற பசங்களைப் போட்டுட்டாங்க."

அதுவும் உண்மைதான். டாக்டர் சாப்பிட்டு முடித்து ஈ ஓட்டுவதைக் காணப் பொறுக்காமல், பற்களுக்குக் கம்பி கட்ட வரும் கல்லூரிப் பிள்ளைகளை எல்லாம் அந்த நேரத்துக்கு மாற்றியதாக அக்கா என்னிடமே பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஓநாய்க் கதை நின்றுபோனது. நின்ற இடமாவது நல்ல இடமா என்றால், அதுவும் இல்லை. வைத்தியனின் மகள் சாவியைத் திருடி, படியிறங்கி, வாயிலுக்கு வந்துவிட்டாள். பின்னால் அரசனின் காலடி கேட்கிறது. கிழவியின் கை தாழ்ப்பாளின் மேல் இருக்கிறது. திறப்பாளா, திறக்க மாட்டாளா? 'தொடரும்' என்று போட்டதோடு சரி.

அடுத்தடுத்து நான் போனபோதெல்லாம் அக்காவின் முகம் களையிழந்து கிடந்தது. சாவே இல்லாத இளவரசனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அதைக்கூட ஒப்புக்குத்தான் சொன்னார். ரைட்டருக்குக் காய்ச்சலோ, பரீட்சையோ, மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டாரோ என்று ஒவ்வொரு காரணமாகத் தேடினார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து யாரை வாயடைப்பது? அந்தப் பக்கம்தான் ஏற்கெனவே வாயை மூடிவிட்டதே. "கிழவியைக் கொல்லணும்னுதான் சொன்னேன், கதையவே கொன்னுட்டாங்க" என்றார் ஒருநாள்.

ஒருமுறை டாக்டரிடமே முறையிட்டார். நோயாளி அட்டையைக் கொடுக்க வந்தவர், கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஆரம்பிச்சு வச்சிட்டுப் பாதியில விட்டா எப்படி டாக்டர்? நீங்க யாருக்காவது பாதிப் பல்லைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புவீங்களா?" டாக்டர் முகமூடியைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். சாய்ந்து கிடந்த எனக்கு அந்தக் கண்கள் தெரிந்தன. இரண்டு பக்கத்து விஷயமும் தெரிந்த ஒரே ஆள், வாயில் குழாயோடு கிடந்தேன்.

விஷயம் உடைந்தது ஒரு ஞானப்பல்லால். லாரி ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். மலை மாதிரி உடம்பு, பயமுறுத்தும் மீசை. மூன்று தடவை அக்கா "ஞானப்பல்லு அண்ணே, வாங்க" என்று தட்டினார். மனிதர் கதவுவரை போவார், உள்ளே ஊசி வைத்திருக்கும் தட்டைப் பார்ப்பார், திரும்பி வந்து மீன்தொட்டியை ஆராய்வார். அக்கா அப்போது ஓநாய்க் கதையின் பழைய அத்தியாயங்களை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

"போங்கண்ணே, உள்ள ஒண்ணும் தின்னுட..."

அதோடு நின்றார். திரையை ஓட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலும் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. திரையைப் பார்த்தார். போர்த்தியிருந்த சால்வையின் முனையை விரலால் பிடித்து, அது யாருடையதோ என்பது போல் பார்த்தார். கையில் இருந்த பேனா மூடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். கடைசியாக உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"தின்னுட மாட்டாங்கதானே?" என்று லாரிக்காரர் பரிதாபமாகக் கேட்டார். மனிதர் தானாகவே உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க அக்கா ஒருவரையும் பல்லைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எழுந்து வந்து, தோளைத் தொட்டுத் தொட்டு அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது என்னைத் தடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கீழ் இடது சார், உங்க முழியே சரியில்லை. உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

நான் மீன் இல்லாத தொட்டியில் மீன் தேடினேன்.

"சரி, சொல்ல வேண்டாம். உப்புத் தண்ணியிலயே நான் பிடிச்சிருக்கணும். எல்லாருக்கும் அதைத்தானே சொல்றாங்க." பேனா மூடியை மேசைமேல் உருட்டினார். "கொல்லச் சொல்லிட்டேனே சார். என்னைப் பத்தி ஒருத்தங்க உக்காந்து, யோசிச்சு, எழுதியிருக்காங்க. நான் எப்படி உக்காருவேன், எப்படிப் போத்திக்குவேன்னு பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க. என் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோலகூட நான் பாதிதான் தெரிவேன். அதைப் படிச்சிட்டுத் தூக்கம் வருதுன்னு எழுதினேன்."

கண்ணில் நீர் கட்டியிருந்தது. சால்வையால் துடைத்துக்கொண்டார். மறு நிமிடமே பழைய அக்கா வந்துவிட்டார்.

"ஆனா கிழவின்னு போட்டது ஓவர். எனக்கென்ன அவ்ளோ வயசா ஆயிடுச்சு? வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மனுஷன் பொரை ஏறி, தண்ணி குடிச்சு, விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

டாக்டரிடம் சொல்லிவிடலாமே என்றேன். மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது, அவரும் எழுத ஆரம்பித்துவிடுவார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், மழை பார்க்கும் மனிதரின் கதையைப் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்பது தெளிவாக இருந்தது.

"நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்களுக்கு எழுத வராது சார். பக்கத்துலயே உக்காந்திருக்கேன், முகத்தைப் பாத்துட்டே எப்படி எழுதுவாங்க? எனக்கும் திட்ட வராது. அப்புறம் அது என்ன கதை?"

அன்றே கருத்துப் பெட்டியில் எழுதினார். என்னிடம் காட்டினார். தப்பா நினைக்காதீங்க சிஸ். கிழவியைக் கொல்ல வேண்டாம். அவ கதவைத் தொறப்பாளா மாட்டாளான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். உப்புத் தண்ணியை மட்டும் எடுத்துடுங்க. திடீரென்று இனிப்பாகப் பேசினால் சந்தேகம் வந்துவிடும் என்று கடைசி வரியைச் சேர்த்ததாகச் சொன்னார்.

இதை எல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கவலை இல்லை. இதில் யாரும் யாரையும் கடத்தவில்லை. அவர்கள் இருவரும் இதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போன வாரம் என் பல்லின் மேல் போட்ட உறை, மத்தியானச் சாப்பாட்டின் நடுவே கழன்று கையோடு வந்துவிட்டது. வலி மண்டையைப் பிளந்தது. உறையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, செருப்புக்கடை மாடிக்கு ஓடினேன். வழக்கமாக அந்த நேரத்தில் கம்பி கட்டும் பிள்ளைகளின் செருப்புகள் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு செருப்பும் இல்லை. கண்ணாடிக் கதவில் 'மூடியிருக்கிறது' என்று அட்டை தொங்கியது.

உள்ளே அக்கா தன் நாற்காலியைத் தடுப்புக்கு வெளியே இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி மடியில் கவிழ்ந்திருந்தது. நான் தட்டக் கையை ஓங்குவதற்குள் எழுந்துவந்து, கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். அந்த இடுக்கு வழியாக, உள் அறைக் கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் டாக்டர் தெரிந்தார். நோயாளி சாயும் நாற்காலியில் தானே சாய்ந்து, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களாலும் தட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"பசங்க எல்லாம் எங்கே?" என்றேன்.

"காலையில வரச் சொல்லிட்டேன். இனிமே இந்த நேரம் யாருக்கும் கிடையாது. டாக்டர் கேட்டாங்க. பரீட்சை நேரம், யாரும் வரலைன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, உயிர் போகுது. ஒரு நிமிஷம் பாக்கச் சொல்லுங்க."

"இப்ப முடியாது சார். முக்கியமான ஆபரேஷன் நடக்குது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் அக்கா. சால்வைக்குள் இருந்து ஒரு டோக்கனை எடுத்து, இடுக்கு வழியாக என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார். பிறகு கதவைச் சாத்தி, ஒரு கையால் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டார்.